ஏழு கடைகளில் சொன்ன சொல்

காலை ஒன்பது மணிக்கு அந்தப் பேக்கரியின் பின்னறையில் நிற்பதற்கே தனித் தைரியம் வேண்டும். இரண்டு அடுப்புகள் எதிரெதிரே எரியும். நடுவில் நீள மேசை. மேசைக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டுதான்; ஆனால் மாவு பறக்கும் என்று அதை யாரும் போடுவதில்லை. வேலையாட்கள் எல்லோரும் பனியனோடு நிற்க, மாஸ்டர் மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் பன் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம எல்லாருக்கும் கோடைக்காலம், மாஸ்டருக்கு மட்டும் குளிர்காலம்," என்றார் அடுப்புக்காரர். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்னீங்கன்னா உங்களையும் ஒரு ட்ரேல வெச்சு உள்ள தள்ளிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சட்டைக் கையைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு மாதமாக அவர் தவிர்த்து வருவது அந்த ஒரு பேச்சைத்தான்.

அடுப்புக்காரர் ட்ரேயைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். சிரிப்பு நின்றது. "மாஸ்டர், இது நீங்க உருட்டின பன்னா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ட்ரேயில் இருந்த பன்கள் ஒன்றுபோல் இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நாலைந்து கோணல். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும் தராசு தோற்கும் என்று பெயர் வாங்கிய கை அது.

மாஸ்டர் வலது கையைப் பார்த்தார். நடுவிரல் நுனியிலிருந்து அடிவரை உப்பிச் சிவந்திருந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு அதை மடக்க முடிவதில்லை. தோலைச் சட்டைக்குள் மறைத்துவிடலாம். விரலை எங்கே மறைப்பது?

கதையை எட்டு மாதம் பின்னோக்கிப் போய்த் தொடங்க வேண்டும். அப்போது அந்த மேசையில் மாஸ்டருக்கு எதிரே ஒருத்தி நின்றாள். ஒல்லி உடம்பு, தன்னைவிடப் பெரிய மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். அதனால் அவளுக்கு எறும்பு என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள். மாஸ்டருக்கு அடுத்தபடி நல்ல கை அவளுடையதுதான் என்பதை மாஸ்டரே ஒப்புக்கொள்வார், அவள் காதில் விழாதபடி.

ஒருநாள் அவள் முழங்கைவரை நீண்ட கையுறையைக் கழற்றியபோது, முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்த வட்டம் ஒன்றையும் அதன்மேல் வெள்ளி நிறச் செதில்களையும் மாஸ்டர் பார்த்துவிட்டார். "இது ஒட்டாது மாஸ்டர். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க," என்று அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மாஸ்டர் அதை வாங்கக்கூட இல்லை.

அவருடைய நியாயம் அவருக்கு இருந்தது. முப்பது வருடமாக மாவோடு பழகியவர். நேற்றைய மாவில் ஒரு பிடி எடுத்து இன்றைய மாவில் போட்டால், விடிவதற்குள் தொட்டி முழுக்கப் பொங்கிவிடும். ஒரு தொட்டி கெட்டால், கழுவாத கையோடு அடுத்த தொட்டியைத் தொட்டவன் அதையும் கெடுப்பான். தொட்டால் பரவும் என்பது அவருக்குத் தொழில் கற்றுத்தந்த பாடம். மனிதத் தோலும் மாவு மாதிரிதான் என்று அவர் முடிவுகட்டினார். "எனக்கு டாக்டர் சொல்லித் தர வேண்டாம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படித் தாவும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லி அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார். வேலையாட்களிடம் காரணத்தையும் சொன்னார்.

அதோடு நின்றிருந்தால்கூட அவள் வேறு கடையில் பிழைத்திருப்பாள். அந்த வட்டாரத்துப் பேக்கரிகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஆள் வந்தால், பழைய கடையின் மாஸ்டரை அழைத்து "ஆள் எப்படி?" என்று கேட்பார்கள். கடிதம், சான்றிதழ் எதுவும் கிடையாது. ஒரு மாஸ்டரின் வாய்ச்சொல்தான் எல்லாம். எறும்பு ஏறி இறங்கிய ஆறு பேக்கரிகளிலிருந்தும் அழைப்பு வந்தது. ஆறு பேருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "வேலை சுத்தம். ஆனா கையில ஒட்டுற வியாதி." சொந்தக் கடையையும் சேர்த்தால் ஏழு. ஏழு கடைக் கதவும் அவளுக்கு மூடியது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளை அனுப்பி இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் தொண்டைக்காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தார். எழுந்த சில நாட்களில் அவருடைய முழங்கையில் அதே வட்டம். பிறகு முழங்காலில். சூடான ட்ரே விளிம்பு பட்டு முன்கையில் ஒரு கோடு சுட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே, அளவெடுத்த மாதிரி, செதில் படர்ந்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை. "எறும்புகிட்டேருந்து ஒட்டிக்கிச்சு," என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார். "போறப்ப குடுத்துட்டுப் போயிட்டா."

மனைவியின் தம்பி விஷயம் தெரிந்து, ஒரு டப்பா பொடியோடு வந்தான். "மாமா, உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியாயிடுச்சு. அதான் கண்டதெல்லாம் ஒட்டுது. இதை ரெண்டு வேளை சாப்பிடுங்க, சக்தி ஏறும்." மாஸ்டர் நாலு டப்பா தீர்த்தார். கூடவே, குளிக்கும்போது குதிகாலுக்குத் தேய்க்கும் கல்லால் செதிலைச் சுரண்டி எடுத்தார். ரத்தம் வந்தது, செதில் இரட்டிப்பாக வந்தது. இப்போது விரலும் வீங்கிவிட்டது.

கோணல் பன்களைப் பார்த்த அன்று மத்தியானம் மனைவி அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் தோல் மருத்துவரிடம் போனாள். டாக்டரம்மா முழங்கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். நகங்களில் ஊசி குத்தியது போன்ற குட்டிக் குட்டிக் குழிகள். வீங்கிய விரலை மெதுவாக மடக்கிப் பார்த்தார்.

"இதுக்குப் பேர் சோரியாசிஸ். விரல் மூட்டையும் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா விரல் கோணிப் போயிருக்கும். எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு மாசம் டாக்டர். எங்க கடையில வேலை பார்த்த ஒரு பொண்ணுகிட்டேருந்து ஒட்டிக்கிச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒட்டிச்சுன்னு யார் சொன்னது?"

"அவளுக்கு இருந்துச்சு, அப்புறம் எனக்கு வந்துச்சு."

"அவங்களுக்கு அப்புறம் உங்களுக்கு வந்துச்சு, அவ்வளவுதான். அவங்ககிட்டேருந்து வரல. இது கிருமியால வர்ற நோய் இல்லைங்க. தொட்டாலும் வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. பக்கத்துல உக்காந்திருக்காங்களே, உங்க வீட்டம்மா, அவங்களுக்கு வந்துச்சா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஆறு மாதமாகப் பக்கத்தில் இருப்பவளைப் பற்றி அவர் இப்படி யோசித்ததே இல்லை.

"அப்ப எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதால வந்ததா? மச்சினன் பொடி குடுத்தான்..."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குறையல. தறிகெட்டு வேலை செய்யுது. நம்ம ரத்தத்துல காவல் காக்கிற அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா அடிக்கணும், போனா அடங்கணும். உங்களுக்கு அது கிருமியே இல்லாம, சொந்தத் தோலையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. வேலியே பயிரை மேயுற கதை. அடி விழ விழத் தோல் பயந்து போய் அவசரமா வளருது. ஒரு மாசத்துல வளர்ந்து உதிர வேண்டிய தோல் நாலஞ்சு நாள்ல வளர்ந்து மேல வந்துடுது. உதிர நேரமில்லாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்குது. அதுதான் நீங்க கல்லு வெச்சுச் சுரண்டின செதில்."

மாஸ்டர் சற்று யோசித்தார். "ஈஸ்ட் கூடிப் போனா மாவு தொட்டியை விட்டு வழியும். அது மாதிரியா?"

"அதேதான். வழியுற மாவுல யாராவது இன்னும் ஈஸ்ட் போடுவாங்களா? அதனால கண்ட பொடியெல்லாம் வேண்டாம். அதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுரண்டுறதையும் நிறுத்துங்க. தோல்ல காயம் பட்ட இடத்துலயெல்லாம் இது புதுசா முளைக்கும்."

ட்ரே சுட்ட கோட்டை மாஸ்டர் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப இது எங்கேருந்துதான் வந்துச்சு?"

"முக்காவாசி பேருக்கு விதை பரம்பரையில இருக்கும். மரபணு, ஜீன்னு சொல்றோமே, அது. ஒண்ணு இல்ல, நிறைய மரபணுக்கள் சேர்ந்து வேலை பாக்குது. அதுல பாதிக்கு மேல அந்தக் காவல் அணுக்களைப் பழக்குறதுதான். ஆனா விதை இருக்கிற எல்லாருக்கும் முளைக்காது. ஒரே மாதிரி இருக்கிற இரட்டைப் பிள்ளைங்கள்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராமப் போறதுண்டு. தொண்டைக்காய்ச்சல், காயம், மனக்கவலை, சிகரெட், இப்படி ஏதாவது ஒண்ணு அதைத் தட்டி எழுப்பும். உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க பரம்பரையிலயே கிடையாது," என்று மாஸ்டர் அடித்துச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. சாகும்வரை முழுக்கைச் சட்டை போட்ட அப்பா. எத்தனை வெயிலிலும் பிள்ளைகள் முன்னால் சட்டையைக் கழற்றாத அப்பா.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பா ஏன் எப்பவும் முழுக்கைச் சட்டையே போட்டாரு?"

அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு நிமிர்ந்து அவருடைய சட்டைக் கையைப் பார்த்தாள். "உனக்கும் வந்துடுச்சா?"

அந்த ஒரு 'உம்'மிலேயே எல்லாம் இருந்தது. அவள் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினாள். அதே சிவப்பு, அதே செதில். "இருபத்தொரு வயசுல எனக்கு வந்துச்சு. அப்பா கதவைச் சாத்திட்டுச் சட்டையைக் கழட்டினாரு. முதுகு பூராவும்டா. 'இது வெளியே தெரிஞ்சா உன்னை யாரும் கட்டிக்க மாட்டாங்க, மூச்சு விடாதே'ன்னு சத்தியம் வாங்கினாரு. உனக்கு வரலையேன்னு நானும் விட்டுட்டேன்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." மாஸ்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணும் தெரியாத ஒருத்தி வயித்துல அடிச்சுட்டேன்க்கா. நம்ம வீட்டுச் சொத்தை அவ குடுத்தான்னு பழி போட்டுட்டேன்."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அக்கா மடித்த துணிகளை ஒதுக்கி வைத்தாள். "நான் மறைச்சது தப்புதான். என் பொண்ணுகிட்டகூட இன்னும் சொல்லல. இன்னிக்கே சொல்றேன்," என்றாள். "ஆனா ஆறு பேருக்குப் போன்ல சொன்னது நான் இல்லடா தம்பி. அது உன் வாய்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். வீட்டுக்கு நடக்கும்போது மாஸ்டருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுதோ, தலையில் அடித்துக்கொண்டோ ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரிந்தது. கெட்ட மாவைப் பார்த்து அழுகிறவன் மாஸ்டர் இல்லை. தொட்டியைக் கழுவி மறுபடி பிசைகிறவன்தான் மாஸ்டர்.

மறுநாள் காலை முதலில் முதலாளியிடம் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி, மாஸ்டரின் சட்டைக் கை மேலேறியதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஒட்டாது முதலாளி. டாக்டர் சொல்லிட்டாங்க. மூணு வாரமோ நாலு வாரமோ, மருந்துல அடங்கும்னாங்க. அடங்கலைன்னா ஊசி இருக்காம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கு, வீட்டுல, அக்காவுக்கு. இப்ப உங்களுக்கு."

"அதோட நிக்கட்டும்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கையுறை போட்டுக்கோ. முழுக்கைச் சட்டை உனக்கு நல்லாத்தான் இருக்கு. யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எறும்பைத் திரும்பக் கூப்பிடணும். தப்பா சொன்னேன்னு எல்லாக் கடையிலயும் சொல்லணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அவ வியாதி ஒட்டாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எனக்கும் இருக்குன்னு நீ சொல்லுவே. அப்புறம் இந்தக் கடை பன்னை எவன் வாங்குவான்? நீ வெளியே வாயைத் திறந்தா, அவளுக்கு நீ போட்ட சட்டத்தையே உனக்கு நான் போட வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

மாஸ்டர் சட்டைக் கையை இறக்கவில்லை. "மத்தியானம் லீவு வேணும் முதலாளி," என்று மட்டும் சொன்னார்.

அடுப்புக்காரரிடம் விசாரித்துக்கொண்டு மத்தியானம் மாஸ்டர் போனபோது, எறும்பு ஒரு பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். உணவுப் பொருள் பக்கம் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. அட்டையில் உரசி உரசி அவள் விரல்கள் வெடித்திருந்தன. மாஸ்டரைப் பார்த்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு டேப்பைக் கிழித்து அடுத்த பெட்டியில் ஒட்டினாள்.

மாஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். அவள் பார்த்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை.

"எங்கேருந்து ஒட்டிச்சுன்னு சொன்னீங்க? என்கிட்டேருந்தா?"

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்." அவர் மறைக்கவில்லை. "எங்க அப்பாகிட்டேருந்து வந்திருக்கு. நேத்துதான் தெரிஞ்சுது."

"எனக்கு எங்க அம்மாகிட்டேருந்து. எனக்கு அது பத்து வயசுலயே தெரியும். அன்னிக்கு நான் குடுத்த தாள்ல எல்லாம் எழுதியிருந்துச்சு மாஸ்டர். நாலு வரி. படிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது."

"தப்புதான். மன்னிச்சுடு எறும்பு."

அவள் டேப் உருளையைக் கீழே வைத்தாள். "வியாதின்னு சொன்னது ஏழு கடையில. மன்னிப்பு மட்டும் இங்க, ஒரு மூலையில, யாரும் இல்லாதப்பவா?"

அவள் அவருக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாம். என் பேர் வேணும். எங்கெங்க அதைக் கெடுத்தீங்களோ அங்கங்க போய்த் திருப்பி வாங்கிக் குடுங்க. போன்ல இல்ல. நேர்ல. நானும் கூட வருவேன். என் காதால கேக்கணும்."

"இப்பவே போலாம்," என்றார் மாஸ்டர்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்து, அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தாள்.

முதல் கடை மாஸ்டர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சட்டைக் கை மேலேறியதும் சிரிப்பு அடங்கியது. "இவளுக்கு ஒட்டுற வியாதின்னு உன்கிட்ட சொன்னேன். அது பொய். தெரியாம சொன்ன பொய், ஆனாலும் பொய்தான். எனக்கும் அதே இருக்கு, எங்க அப்பா வழியா. இது யாருக்கும் ஒட்டாது," என்றார் மாஸ்டர். இரண்டாவது கடையில் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

மூன்றாவது கடை மாஸ்டர் வயதானவர், நல்ல மனிதர். அவர் எறும்பின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு நீ வேலை கேட்டு வந்துட்டுப் போனதும், நீ தண்ணி குடிச்ச டம்ளரை நான் குப்பையில போட்டேம்மா. இவன் பேச்சைக் கேட்டு." தெருவுக்கு வந்ததும் எறும்பு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது மாஸ்டர் பார்த்ததே இல்லை. அந்த டம்ளரைக் குப்பையில் போட்ட கை யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

நாலாவது கடையில் மாஸ்டர் பேசி முடித்ததும், அந்தக் கடைக்காரன் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினான். "இது அதுதானா பாருண்ணே. ரெண்டு வருஷமா சொல்லாம வெச்சிருக்கேன்."

"நான் டாக்டர் இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு. விரல், மூட்டு எங்கயாவது வலிச்சா அதையும் மறைக்காம சொல்லு. மறைச்சதாலதான் என் விரல் இப்படி ஆச்சு," என்றார் மாஸ்டர்.

ஐந்தாவது கடைக்காரனுக்குக் குத்தலாகப் பேசத்தான் வரும். "இப்ப உனக்கும் வந்துடுச்சு, அதனால ஒட்டாதுன்னு சொல்றே. இல்லைன்னா சொல்லுவியா?"

"சொல்லியிருக்க மாட்டேன். அது உண்மைதான்," என்றார் மாஸ்டர். "அதுக்காகத்தான் வெக்கப்படுறேன். ஆனா ஒரு கேள்வி. ஆறு மாசமா உன் கடையில மாவு போதாதப்பல்லாம் எங்க கடையிலேருந்து இந்தக் கையால பிசைஞ்ச மாவுதான் வந்துச்சு. நீ அதைத் தொட்டுத்தானே உருட்டினே? உன் கையில ஏதாவது இருக்கா?" அவன் தன்னையறியாமல் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். எறும்பு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். ஆறாவது கடைக்குப் போகும்போது அவள் அவருக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில் நடந்தாள். அந்த ஆறாவது கடையில் ஆள் தேவைப்பட்டது. அவளை அங்கேயே வரச் சொன்னார்கள். "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அவள், ரொம்ப நாள் கழித்துத் தலையை நிமிர்த்தி.

மிச்சம் ஒரு கடைதான். சொந்தக் கடை.

மாலை ஐந்து மணி, கூட்ட நேரம். முன்பக்கத்தில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். மாஸ்டர் பின்கதவு வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாக எறும்போடு உள்ளே வந்தார். பின்னறை ஆட்களைக் கூப்பிட்டார். முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் பேசினார். முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, எதையும் விழுங்காமல், ஆறு கடைகளில் சொன்னதையே ஏழாவது முறையாகச் சொன்னார்.

ஒரு அம்மாள் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போனாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்!" முதலாளிக்கு முகம் சிவந்தது. "போச்சு!"

"ஒரு ரொட்டிதானே முதலாளி போச்சு," என்றார் மாஸ்டர். "இவளுக்கு எட்டு மாச வாழ்க்கை போயிருக்கு. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். தெரியாதவங்க பயப்படுவாங்க, சொன்னாத்தான் தெரியும். எங்க அப்பா சொல்லல, அக்கா சொல்லல, நானும் சொல்லல. மறைச்சு மறைச்சு நாங்க வளர்த்த பயம்தான் இவ மேல போய் விழுந்துச்சு. எனக்கு நீங்க எந்தச் சட்டம் வேணும்னாலும் போடுங்க. ஆனா நான் அன்னிக்குப் போட்டது சட்டம் இல்ல, முட்டாள்தனம்."

முதலாளி பேக்கரி ஆட்களைப் பார்த்தார். அடுப்புக்காரர் தொண்டையைச் செருமினார். "முதலாளி, நான் அடுப்புப் பாக்கிறவன், எனக்கு வியாதி பத்தித் தெரியாது. ஆனா எறும்பு போனதுலேருந்து பாதி பன் கோணல். மாஸ்டரையும் அனுப்பிட்டா, நாளைக்கு நீங்களும் நானும்தான் உருட்டணும். உங்க கை எப்படி?"

வரிசையில் நின்ற ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் முன்னே வந்து, அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போன ரொட்டியையே எடுத்து நீட்டினார். "இதைக் கட்டிக் குடுங்க, நேரமாகுது." முதலாளிக்கு மனம் மாறியதோ கணக்கு மாறியதோ, நமக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, ரெண்டு பேரும்," என்றார்.

"நான் எட்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டேன்," என்றாள் எறும்பு.

"சரி, நாளைக்கு வா," என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே திரும்பினார். அவள் அவரைப் போக விடவில்லை.

"வர்றேன். ஆறாவது கடையிலயும் கூப்பிட்டிருக்காங்க, ஆனா இங்கதான் வருவேன். விரட்டின இடத்துலயே நின்னு வேலை செய்யணும் எனக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுக்கோங்க." அவள் குரல் உயரவில்லை. "என் தோல்ல இருக்கிறது எங்க அம்மா வழியா எனக்கு வந்துச்சு. மாஸ்டருக்கு அவங்க அப்பா வழியா வந்துச்சு. எட்டு மணி நேரம் ஒரே மாவுல கை வெச்சோம், உங்க யாருக்கும் அது ஒட்டல. ஆனா விசாரிக்காம சொன்ன ஒரு வார்த்தை, ஒரே வாரத்துல ஏழு கடைக்கும் ஒட்டிச்சு. எங்க தோலுக்கு டாக்டர்கிட்ட மருந்து இருக்கு. அந்த வாய்க்கு மருந்து, கேட்டுத் தெரிஞ்சுக்கிறது ஒண்ணுதான்."